புதுப்பிப்பு: அருகிலிருந்த மருத்துவமனையைத் தாண்டிச் சென்ற ஆம்புலன்ஸ்

பக்கவாதம் தாக்கிய மாமாவை ஏற்றிய லண்டன் ஆம்புலன்ஸ், வீட்டருகே இருந்த மருத்துவமனையைத் தாண்டிச் சென்றது ஏன் என்று முந்தாநாள் இங்கே கோபமாகக் கேட்டிருந்தேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். மூளையில் இருப்பது அடைப்பா, இரத்தக் கசிவா என்று சி.டி. ஸ்கேனில் உறுதிசெய்த பிறகே, அதுவும் பொதுவாக அறிகுறி தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள், இரத்த உறைவைக் கரைக்கும் மருந்தைச் செலுத்த வேண்டும் என்பதால், இரவும் பகலும் அதற்கான குழு இருக்கும் 8 சிறப்பு மையங்களை 2010இல் அங்கு அமைத்தார்கள். மாமா தண்ணீர் கேட்டபோதுகூட, செவிலியர் முதலில் ஒரு தேக்கரண்டி மட்டும் கொடுத்து, சரியாக விழுங்க முடிகிறதா என்று தொண்டை அசைவதைக் கவனித்தார். மான்செஸ்டரிலோ தொடக்கத்தில் 4 மணி நேரத்துக்குள் வந்தவர்களை மட்டுமே சிறப்பு மையங்களுக்கு அனுப்பினார்கள். லண்டன் அளவுக்கு அங்கே இறப்பு குறையவில்லை. 2015இல்தான் மற்ற பக்கவாத நோயாளிகளையும் அனுப்பும்படி அதை விரிவுபடுத்தினார்கள். சிறப்பு மையத்தில் வைத்துக் கவனிக்கும் முதல் 72 மணி நேரம் முடிவதால், மாமாவை நாளை வீட்டருகே உள்ள, நான் சண்டை பிடித்த அதே மருத்துவமனைக்கு மாற்றுகிறார்கள்.