மூணு வயசு குழந்தையோட நாலு நாள் ட்ரெக்கிங், எப்படி ப்ளான் பண்றது?

கேள்வி: பொண்ணுக்கு மூணு வயசு, நானும் வீட்டுக்காரரும் அவளையும் கூட்டிக்கிட்டு டென்ட்ல தங்கி நாலு நாள் நடக்கலாம்னு இருக்கோம், ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் வைக்கலாம், அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பதில்: நீங்க வழக்கமா நடக்கிற தூரத்துல பாதிகூட வேணாங்க. கல்லு பொறுக்குவா, எறும்ப வேடிக்கை பாப்பா, அவசரப்படுத்தாதீங்க. ஒரே இடத்துல ரெண்டு ராத்திரி டென்ட் போட்டு அங்கிருந்து சுத்தினா நல்லது. ஒருத்தர் முதுகுல மாட்டுற கேரியர்ல குழந்தைய தூக்கினா மொத்த சாமானும் இன்னொருத்தர் முதுகுல தான், அதனால எல்லாத்தையும் மாட்டிக்கிட்டு முதல்ல பக்கத்துல எங்கயாவது ஒரு ராத்திரி தங்கிப் பாத்துடுங்க.

பதில்: இதான் ரொம்ப முக்கியம், நடக்கிற உங்களுக்கு வேர்க்கும், கேரியர்ல சும்மா உக்காந்திருக்கிறவளுக்கு குளிரும், அடிக்கடி பின்கழுத்த தொட்டுப் பாருங்க. காட்டன் நனைஞ்சா சீக்கிரம் காயாது, கம்பளி இல்லன்னா ஃப்ளீஸ் (மெத்துன்னு இருக்கிற செயற்கை நூல் துணி) போடுங்க. ஓடைத்தண்ணி தளதளன்னு கொதிச்சப்புறம் 1 நிமிஷம் விடணும், 2000 மீட்டர் உயரத்துக்கு மேலன்னா 3 நிமிஷம்.

கேட்டவர்: ரொம்ப நன்றிங்க! ராத்திரி டயப்பர் போடுறோம், அத என்ன பண்றது?

பதில்: புதைக்கவே கூடாதுங்க, எரிக்கவும் வேணாம். ரெண்டு கவர் போட்டு இறுக்கிக் கட்டி திரும்ப எடுத்துட்டு வந்துடுங்க.