புதுப்பிப்பு: எழவே மறுக்கும் என் பியர்டட் டிராகன் குட்டி

மூன்று வாரத்துக்கு முன்னால், என் 10 மாதக் குட்டி (பியர்டட் டிராகன் என்பது வீட்டில் வளர்க்கும் ஒரு வகைப் பல்லி) சாப்பிடாமல் குகைக்குள்ளேயே கிடக்கிறது, இது புரூமேஷனா (ஊர்வன குளிர்காலத்தில் போகும் நீண்ட தூக்கம்) நோயா என்று கேட்டிருந்தேன். ஒரு வயது ஆகாதவை பெரும்பாலும் புரூமேஷனுக்குப் போகாது, முதலில் மருத்துவரிடம் காட்டு என்று பலர் சொன்னீர்கள். காட்டினேன். மலப் பரிசோதனையில் ஒட்டுண்ணி எதுவும் இல்லை, அப்புறம்தான் எனக்கே தூக்கம் வந்தது.

நான் செய்த தப்பு, பயத்தில் அதை எழுப்பி எழுப்பிப் பூச்சி கொடுத்தது. விளக்குக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸ் சூட்டில் காயாமல் உடனே குளிர்ந்த மூலைக்குப் போய்ப் படுத்துக்கொண்டால் தின்றது செரிக்காது, வயிற்றுக்குள்ளேயே அழுகிப்போகலாம் என்று மருத்துவர் சொன்னதும் நிறுத்திவிட்டேன். இப்போது அதுவாக எழுந்து வந்தால் மூக்கு நுனியில் இரண்டு சொட்டுத் தண்ணீர். நக்கினால் சரி, இல்லையென்றால் விட்டுவிடுகிறேன்.

வாரம் ஒருமுறை எடை பார்க்கிறேன். 212 கிராம் இருந்தது 208 ஆகியிருக்கிறது, 10 சதவீதம் குறைந்தால் உடனே திரும்பக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். நேற்று தராசில் வைத்தபோது ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னை முறைத்துவிட்டு மறுபடி தூங்கிவிட்டது.