வன்முறை மனிதனுக்குப் பிறவிக்குணமா?

(ஒரு விவாதம். மனிதன் பிறவியில் வன்முறையாளன் இல்லை, சமூகம்தான் அவனைக் கெடுத்தது என்ற செங்காந்தளின் கருத்துக்கு நெடுவழி பதில் சொல்கிறார்.)

நெடுவழி:
கென்யாவில் துர்கானா ஏரிக்கு அருகே நடாருக் என்ற இடத்தில் சுமார் 10,000 ஆண்டுப் பழமையான எலும்புகள் கிடைத்தன. குறைந்தது 27 பேருடையவை. ஓரளவு முழுதாக இருந்த 12 எலும்புக்கூடுகளில் 10-இல் அடித்தோ குத்தியோ கொன்ற தடயம் இருப்பதாக 2016-இல் ஆய்வு வெளியானது. உழவு இல்லை, அரசன் இல்லை, மதவெறி பிடித்த கூட்டமும் இல்லை. அப்புறம் எப்படி 'சமூகம்தான் மனிதனைக் கெடுத்தது' என்கிறீர்கள்?

செங்காந்தள்:
ஒரு ஏரிக்கரையை வைத்து மனித இனத்துக்கே தீர்ப்பா? சூடானின் ஜெபல் சகாபா இடுகாடு இதைவிடப் பழையது. 2021-இல் வந்த மறுஆய்வில் 61 பேரில் 16 பேருக்கு ஆறிய காயமும் ஆறாத காயமும் சேர்ந்தே இருந்தன. அதாவது ஒரே நாள் போர் இல்லை, திரும்பத் திரும்ப நடந்த மோதல். பருவநிலை மாறி நைல் கரையில் பிழைப்பு நெருக்கடியான காலம் அது. காரணத்தை அங்கே தேடுங்கள், ரத்தத்தில் தேடாதீர்கள்.

நெடுவழி:
சரி, சிம்பன்சிக்கு என்ன நெருக்கடி? 1974-78-இல் தான்சானியாவின் கோம்பே காட்டில் ஒரு கூட்டம், பிரிந்துபோன கூட்டத்தின் ஆண்களை ஒவ்வொன்றாகக் கொன்று தீர்த்ததே!

செங்காந்தள்:
ஆய்வாளர்கள் வாழைப்பழம் போட்டுப் பழக்கிய காடு அது. அந்தச் சண்டை மனிதத் தலையீட்டின் விளைவு, இயல்பு இல்லை.

தும்பி:
இடையில் புகுகிறேன். வாழைப்பழ வாதம் இப்போது எடுபடாது. 2014-இல் 18 சிம்பன்சிக் கூட்டங்களின் பதிவுகளை ஒப்பிட்டார்கள். மனிதத் தலையீடு கூடுதலாக இருந்த இடத்தில் கொலையும் கூடுதல் என்று தெரியவில்லை. ஆனால் அதே ஆய்வில், சிம்பன்சிக்கு நெருங்கிய உறவான போனபோ என்ற வாலில்லாக் குரங்கின் 4 கூட்டங்களில் சந்தேகத்துக்குரிய ஒரே ஒரு கொலைதான். இரண்டு இனமும் நமக்கு ஒரே அளவு நெருக்கம். எந்தப் பங்காளியைச் சாட்சிக்குக் கூப்பிடுவீர்கள்?

இன்னொன்று, நீங்கள் இருவரும் வன்முறை என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுகிறீர்கள். ஆத்திரத்தில் கை ஓங்குவது வேறு, திட்டம் போட்டு ஆள் சேர்த்துக் கொல்வது வேறு. முதலாவதில் மனிதன் சிம்பன்சியைவிட எவ்வளவோ சாது. முன்பின் தெரியாத நூறு பேரோடு ஒரே ரயில்பெட்டியில் அடிதடியின்றிப் போகிறோம். இரண்டாவதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. 14-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கொலை விகிதம் இன்றைப்போல் பத்து மடங்குக்கும் மேல் என்பது வரலாற்றாய்வாளர்களின் மதிப்பீடு. இருபது, முப்பது தலைமுறையில் மரபணுவா மாறிவிட்டது?

நெடுவழி:
மாறவில்லை, சட்டத்துக்குப் பயந்து அடங்கியிருக்கிறது. 1994 ருவாண்டா இனப்படுகொலையில் கடிவாளம் அவிழ்ந்ததும் டுட்சி இனத்தவரை ஹூட்டு இனத்து அண்டைவீட்டாரே வெட்டவில்லையா?

செங்காந்தள்:
அவிழ்ந்ததா? அரசும் ராணுவமும்தானே முன்னின்று நடத்தின! பெல்ஜிய ஆட்சி 1930-களில் கொண்டுவந்த இன அடையாள அட்டை, ஆள்காட்டி வெறியேற்றிய வானொலி, ஊருக்கு ஊர் தடுப்புச்சாவடி. இத்தனை ஏற்பாடு தேவைப்பட்டதென்றால் அது தானாக வரவில்லை.

நெடுவழி:
ஏவியவர்கள் கொஞ்சம் பேர். கேட்டு நடந்தவர்கள் லட்சக்கணக்கில். அவர்கள் ஏன் கேட்டார்கள்?

தும்பி:
நியாயமான கேள்வி. மறுத்தவன் உயிருக்கும் ஆபத்து இருந்தது, கொல்லப்பட்டவன் வீட்டைச் சூறையாடலாம் என்ற ஆசையும் இருந்தது. இரண்டையும் தாண்டி அண்டைவீட்டாரை ஒளித்துவைத்தவர்களும் இருந்தார்கள். அவர்களை உங்கள் இருவர் கணக்கிலும் காணோமே?