டிரிஃப்ட் என்பதற்கு ‘ஒதுங்கல்’

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

காந்தப்புலத்தில் சுற்றும் மின்துகள்கள் சுற்றிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் தள்ளிப்போவதை ஆங்கிலத்தில் ‘டிரிஃப்ட்’ (drift) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். இழுப்பு, நகர்வு, பெயர்ச்சி என்று மூன்று பரிந்துரைகள் வந்தன. மூன்றையும் வகுப்பில் சொல்லிப் பார்த்தபின் இதை எழுதுகிறேன்.

முதலில் ‘இழுப்பு’. பாடநூலில் ‘இழுப்புத் திசைவேகம்’ என்று ஏற்கெனவே இருப்பதால், மேல் வளிமண்டலம் பற்றி மாணவர்களுக்கு எழுதிய குறிப்பில் நானும் அதையே போட்டிருந்தேன். ஒரு மாணவி நோட்டில் படம் வரைந்து எடுத்துவந்தாள். கிழக்கு நோக்கி மின்புலம், வடக்கு நோக்கிக் காந்தப்புலம், இரண்டு அம்புக்குறியும் சரி. மூன்றாவது அம்பு துகள் போகும் திசை. அயனிக்கு அதைக் கிழக்கே போட்டிருந்தாள், எலெக்ட்ரானுக்கு மேற்கே. “இழுக்கிற பக்கம்தானே சார் போகும்?” என்று கேட்டாள். அவள் மேல் தப்பே இல்லை. நான் கொடுத்த சொல்தான் அவள் கையைப் பிடித்து அந்த அம்பைப் போட வைத்தது. உண்மையில் அந்த இடத்தில் அயனியும் எலெக்ட்ரானும் சேர்ந்து போவது மேலே, வானத்தை நோக்கி.

செம்புக்கம்பிக்கு ‘இழுப்பு’ நல்ல சொல், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அங்கே மின்புலம் எலெக்ட்ரானை இழுக்கிறது. அது அணுக்களில் மோதி மோதி, வீட்டு வயரில் ஓடும் மின்னோட்டத்தில் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகராமல், புலம் இழுக்கிற கோட்டிலேயே ஊர்ந்து போகிறது. குறைகடத்தியிலும் அப்படித்தான். அங்கெல்லாம் சொல் அப்படியே இருக்கட்டும்.

காந்தப்புலம் சேர்ந்தவுடன் கதை மாறிவிடுகிறது. காந்தவிசை எப்போதும் துகளின் போக்குக்குச் செங்குத்தாகவே தள்ளும். அதனால் வேகம் கூடாது, குறையாது. துகள் வட்டம் போடும். இப்போது குறுக்கே ஒரு மின்புலத்தையும் வைத்துப் பாருங்கள். வட்டத்தின் ஒரு பாதியில் துகள் இழுப்போடு சேர்ந்து ஓடுகிறது, வேகம் கூடுகிறது. மறுபாதியில் இழுப்பை எதிர்த்து ஓடுகிறது, வேகம் குறைகிறது. வேகம் கூடிய இடத்தில் வளைவு அகலம், குறைந்த இடத்தில் குறுகல். ஒரு பக்கம் பெரிய வளைவு, மறுபக்கம் சின்ன வளைவு என்றால் வட்டம் எப்படி மூடும்? தொடங்கிய இடத்துக்குத் திரும்பாமல் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளிப்போய் நிற்கிறது. அந்தத் தள்ளிப்போதலுக்குத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

அந்தத் திசையில் துகளை யாரும் இழுக்கவில்லை. மின்புலம் இழுப்பது வேறு பக்கம், துகள் போவது அதற்குக் குறுக்கே. எதிர்மின்னூட்டம் என்றால் இழுப்பும் தலைகீழ், சுற்றும் திசையும் தலைகீழ். இரண்டு மாற்றமும் ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடுவதால், அயனியும் எலெக்ட்ரானும் ஒரே பக்கம், ஒரே வேகத்தில் போகின்றன. அந்த வேகம் மின்புலத்தைக் காந்தப்புலத்தால் வகுத்தால் வருவது. அதில் நிறையும் இல்லை, மின்னூட்டமும் இல்லை. எத்தனை முறை பாடம் நடத்தினாலும் இந்த இடத்தில் எனக்கு மகிழ்ச்சி குறைவதே இல்லை.

இது நடப்பது எங்கோ தொலைவில் அல்ல. காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிப் போகிறது. 1963இல் திருவனந்தபுரம் அருகே தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைத்ததும் அதனால்தான். இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்று திருநெல்வேலிப் பக்கம் இருப்பதற்கும் அதுவே காரணம். அங்கே காந்தப்புலம் ஏறக்குறைய தரைக்கு இணையாக வடக்கு நோக்கி இருக்கிறது, அளவு சுமார் 40,000 நானோடெஸ்லா (டெஸ்லா காந்தப்புலத்தின் அலகு, நானோ என்பது நூறு கோடியில் ஒரு பங்கு). பகலில் 300 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கு நோக்கி ஒரு மெல்லிய மின்புலம். மீட்டருக்கு 0.8 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொண்டால் வகுத்து வருவது நொடிக்கு 20 மீட்டர். மணிக்கு 72 கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் போகும் பேருந்தின் வேகம்.

அந்த உயரத்தில் எலெக்ட்ரான் போடும் வட்டத்தின் ஆரம் இரண்டு மூன்று சென்டிமீட்டர், நொடிக்கு 11 லட்சம் சுற்று. ஆக்சிஜன் அயனியின் வட்டத்துக்கு நான்கைந்து மீட்டர் ஆரம், நொடிக்கு நாற்பதுக்கும் குறைவான சுற்று. ஒன்று மோதிரம், மற்றொன்று ஊர்க்கிணறு. ஆனாலும் இரண்டும் ஒரே 20 மீட்டர் வேகத்தில் சேர்ந்தே மேலே ஏறுகின்றன. ஏறிய பிளாஸ்மா, அதாவது அயனியும் எலெக்ட்ரானும் கலந்த வளி, காந்தக் கோடுகளின் வழியே வடக்கிலும் தெற்கிலும் நீரூற்றுப்போல இறங்குகிறது. அதனால்தான் நடுக்கோட்டுக்கு நேர்மேலே இருப்பதைவிட இரு பக்கமும் சுமார் 15 பாகை தள்ளி எலெக்ட்ரான் அடர்த்தி கூடுதல்.

இனி சொல்லுக்கு வருகிறேன். ‘நகர்வு’ தவறில்லை, ஆனால் எதையும் சொல்லவும் இல்லை. வட்டத்தில் ஓடுவதும் நகர்வு, நேராகப் போவதும் நகர்வு. ‘பெயர்ச்சி’ என்றதும் மாணவர் மனத்தில் இடப்பெயர்ச்சி வந்து நிற்கிறது. அது வேறு அளவு, வேறு அலகு.

நான் முன்வைப்பது ‘ஒதுங்கல்’.

“திமிங்கிலம் கரை ஒதுங்கியது” என்று செய்தித்தாளில் படிக்கிறோம். அலை ஒரு பக்கம் அடிக்கும், நீரோட்டம் ஒரு பக்கம் ஓடும், கட்டையோ படகோ கடைசியில் ஏதோ ஒரு கரையில் ஒதுங்கும். அதைக் கயிறு கட்டி யாரும் இழுத்துவரவில்லை. ‘ஒதுங்கு’ செயப்படுபொருள் வேண்டாத வினை, ‘இழு’ செயப்படுபொருள் வேண்டும் வினை. நம் துகளுக்குத் தேவையான இலக்கணம் அந்த வேறுபாட்டிலேயே இருக்கிறது. பழந்தமிழில் ஒதுங்குதலுக்கு நடத்தல் என்ற பொருளும் உண்டு, ஒதுக்கம் என்றால் நடை. ஆனால் ‘ஒதுக்கம்’ என்று வைக்க மாட்டேன். இன்று அந்தச் சொல் ஒதுக்கப்பட்டவர்களின் வலியோடு சேர்ந்தே காதில் விழுகிறது.

வினைத்தொகையும் தடையில்லாமல் வருகிறது: ‘ஒதுங்கு திசைவேகம்’. மின்புலமும் காந்தப்புலமும் குறுக்காக நின்று உண்டாக்குவது ‘குறுக்குப்புல ஒதுங்கல்’. காந்தப்புலம் ஒரு பக்கம் வலுவாகவும் மறுபக்கம் மெலிவாகவும் இருந்தால் வருவது ‘புலச்சரிவு ஒதுங்கல்’. காந்தக் கோடு வளைவதால் வருவது ‘வளைவு ஒதுங்கல்’.

புலச்சரிவு ஒதுங்கலில்தான் இந்தச் சொல்லுக்குச் சரியான சோதனை. அங்கே இழுக்க மின்புலமே கிடையாது. புலம் வலுவான பக்கம் வட்டம் சுருங்கும், மெலிந்த பக்கம் விரியும், அதனாலேயே துகள் விலகிப்போகிறது. மின்னூட்டம் மாறினால் சுற்றும் திசை மட்டும்தான் மாறும், சரிக்கட்ட இரண்டாவது மாற்றம் இல்லை. அதனால் பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சுப் பட்டைகளில் புரோட்டான் மேற்கே ஒதுங்குகிறது, எலெக்ட்ரான் கிழக்கே. எதிரெதிராகப் போவதால் அது பூமியைச் சுற்றி ஒரு வளைய மின்னோட்டமாகவே ஆகிவிடுகிறது. 2024 மே மாதக் காந்தப்புயலில் அந்த ஓட்டம் வலுத்து, நடுக்கோட்டுப் பகுதிகளில் காந்தப்புலத்தின் கிடைக்கூறு (தரைக்கு இணையான பகுதி) சராசரியாக 400 நானோடெஸ்லாவுக்கு மேல் சரிந்தது. இங்கே ‘இழுப்பு’ என்று எழுதினால், யார் இழுத்தது என்ற கேள்விக்குப் பதிலே இருக்காது.

இரண்டு மறுப்புகள் வரும் என்று தெரியும். ஒன்று, மேலே ஏறுவதை ஒதுங்கல் என்று சொல்லலாமா என்பது. தரையிலிருந்து பார்த்தால் அது ஏற்றம்தான். ஆனால் ஒதுங்கலை நான் அளப்பது தள்ளுகிற விசையிலிருந்து. விசை அயனிக்குக் கிழக்கே, எலெக்ட்ரானுக்கு மேற்கே. துகள் போவது அதற்குக் குறுக்கே. எந்தப் பக்கம் என்பதைக் கூடவே சொல்லிவிடலாம்: ‘மேல்நோக்கிய ஒதுங்கல்’, ‘மேற்கு ஒதுங்கல்’. இரண்டு, கிராமத்தில் ‘ஒதுங்கப் போனான்’ என்றால் வேறு பொருள். உண்மைதான். மழைக்கு ஒதுங்குகிறோம், வண்டிக்கு வழிவிட ஒதுங்குகிறோம், கரையிலும் ஒதுங்குகிறது. இத்தனை பொருளில் புழங்கும் சொல்லுக்கு இன்னொன்றைத் தாங்கும் வலு இருக்கிறது என்றே நினைக்கிறேன். வகுப்பில் மூன்று முறை சொன்னேன், யாரும் சிரிக்கவில்லை.

அந்த மாணவியிடம் ‘இழுப்பு’ என்பதை அடித்துவிட்டு ‘ஒதுங்கல்’ என்று எழுதி, படத்தைத் திரும்ப வரையச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தாள். “அப்ப இழுக்கிற பக்கம் போகாதா சார், எந்தப் பக்கம் ஒதுங்கும்?” என்றாள். எனக்கு வேண்டியிருந்த கேள்வி அதுதான். வலக்கை விரல்களைக் கிழக்கிலிருந்து வடக்குக்கு மடக்கச் சொன்னேன். கட்டைவிரல் மேலே நின்றது.

இலங்கை நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நாங்கள் மின்னூட்டம் என்பதை நீங்கள் ஏற்றம் என்கிறீர்கள், எலெக்ட்ரானை இலத்திரன் என்கிறீர்கள். உங்கள் வகுப்பில் ‘ஒதுங்கல்’ எப்படிக் கேட்கிறது என்று சொல்லுங்கள். அங்கே இதைவிடப் பொருத்தமான சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தால் இதை விட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கமே இல்லை.

இன்னும் ஒன்று பாக்கி. துகளின் வட்டத்துக்கு நடுவே கற்பனையாக ஒரு புள்ளியை வைத்து, ஒதுங்குவது அந்தப் புள்ளிதான் என்று கணக்குப் போடுகிறோம். அதற்கு ‘வழிகாட்டு மையம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தப் புள்ளி யாருக்கும் வழிகாட்டவில்லை. ‘சுழல்மையம்’ போதுமா?

அன்புடன்.