பிரிவு உபசார விழாவில் படிப்பதற்கு நர்சிங் வகுப்புத் தோழர்களின் எதிர்காலக் கணிப்புகள்: சிரிப்பும் வேண்டும், யாரும் புண்படவும் கூடாது

கேள்வி கேட்டவர்: சுவரிதழ்

அனைவருக்கும் வணக்கம். நான் தென்மாவட்டம் ஒன்றில் உள்ள தனியார் செவிலியர் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் நான்காம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வகுப்பில் 42 பெண்களும் 6 ஆண்களுமாக 48 பேர் இருக்கிறோம். அடுத்த மாதம் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் எங்களுக்குப் பிரிவு உபசார விழா நடத்துகிறார்கள். அதில் "பத்து ஆண்டுகளுக்குப் பிறகு இவர்கள்" என்ற தலைப்பில் 48 பேரின் எதிர்காலத்தையும் வேடிக்கையாகக் கணித்துப் படிக்க வேண்டும் என்று வகுப்பு முடிவு செய்து, விடுதிச் சுவரிதழில் நான்கு ஆண்டுகளாக எழுதிவந்த ஒரே குற்றத்துக்காக அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டது.

இதுவரை 11 பேருக்கு எழுதியிருக்கிறேன். அவற்றில் ஏழு, "லண்டனில் வேலை, சொந்த வீடு, பெரிய கார்" என்று பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும்படி இருக்கின்றன. எனக்கே ஓரளவு பிடித்தவை நான்குதான்.

ஒருத்தி, நோயாளிக்கு என்னென்ன கவனிப்பு வேண்டும் என்று திட்டமிடும் கேர் பிளான் எழுத உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டாள். அவளுக்கு நான் எழுதியது: "காய்ச்சலுக்காகச் சேர்ந்த நோயாளி குணமாகி வீட்டுக்குப் போய், மகளுக்குத் திருமணம் முடித்து, பேரனின் காய்ச்சலுக்காக மீண்டும் அதே வார்டுக்கு வரும்போது, இவள் 'நோய்த்தொற்றின் காரணமாக உடல் வெப்பம் உயர்ந்திருத்தல்' என்ற முதல் வரிக்கு அடிக்கோடு போட்டுக்கொண்டிருப்பாள்."

இன்னொருத்தி படுக்கை விரிப்பின் மூலையை 45 பாகையில் மடித்துச் செருகினால், நோயாளியால் போர்வைக்குள் காலை நுழைக்க முடியாது. அவள் தன் திருமண நாளில், மேடையில் விரித்த ஜமுக்காளத்தின் நான்கு மூலைகளையும் மடித்துச் சரிசெய்த பிறகே மாலையை வாங்கிக்கொள்வாள் என்று எழுதியிருக்கிறேன்.

மூன்றாமவள் வார்டில் யாரிடம் பேனா வாங்கினாலும் திருப்பித் தருவதில்லை. பத்து ஆண்டுகளில் பேருந்து நிலையத்துக்கு எதிரே மொத்த விலைப் பேனாக் கடை திறப்பாள். நான்காமவன், நோயாளிகள் "டாக்டர் தம்பி" என்று அழைக்கும்போது ஒருமுறைகூடத் திருத்தாத நண்பன். அவனுக்குத் தொடக்கம்தான் கிடைத்திருக்கிறது, முடிவு கிடைக்கவில்லை.

எனக்கு இரண்டு ஐயங்கள். இரண்டாம் ஆண்டில், ஆபரேஷன் தியேட்டருக்கு முதன்முதலாகப் போஸ்டிங் சென்ற நாளில் ஒரு தோழி மயங்கி விழுந்தாள். எங்கள் வகுப்பின் மிகப் புகழ்பெற்ற கதை அதுதான். முன்வரிசையில் முதல்வரும் பெற்றோர்களும் அமர்ந்திருக்கும் விழாவில் அதை எழுதலாமா? இரண்டாவது, நான்கு ஆண்டுகளில் சொல்லும்படியாக எதுவும் செய்யாமல், எதிலும் மாட்டிக்கொள்ளாமல், அமைதியாக இருந்துவிட்ட ஐந்தாறு பேருக்கு என்னதான் எழுதுவது?

பதில் 1: டியூட்டர்

உங்கள் நான்கு கணிப்புகளும் நன்றாக இருப்பதற்கும், ஏழு கணிப்புகள் சப்பென்று இருப்பதற்கும் காரணம் ஒன்றே. நான்கிலும் அந்தப் பெண்ணோ பையனோ வார்டில் என்ன செய்தார் என்பது இருக்கிறது. ஏழில் அவர் எங்கே போவார் என்பது மட்டும் இருக்கிறது. நான் பதினான்கு ஆண்டுகளாகச் செவிலியர் கல்லூரியில் கற்பிக்கிறேன். இத்தகைய பட்டியல்களை மேடை ஏறுவதற்கு முன் பார்வையிடும் வேலை பெரும்பாலும் என்னிடம்தான் வரும். உடல் பருமன், நிறம், அரியர், யார் யாரோடு பேசினார்கள் என்பது ஆகிய நான்கையும் நான் எப்போதும் அடித்துவிடுவேன். திருமணத்தையும் கூடியவரை குறைத்துவிடுங்கள். நமக்கு அது விளையாட்டு. ஆனால் மகளுக்கு வரன் பார்த்துக் களைத்துப்போன ஒரு தந்தை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கக்கூடும்.

மயங்கி விழுந்த பெண்ணைப் பற்றி: முதலில் அவரிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். சரி என்றால், தாராளமாக எழுதுங்கள், ஏனென்றால் அதில் வெட்கப்பட எதுவுமில்லை. காலையில் விடுதிச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு, முகக்கவசத்துக்குள் வெந்துகொண்டு, ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் அசையாமல் நின்றால், இரத்தம் கால்களில் தேங்கும். அந்த நேரத்தில் கத்தி படுவதையும் பார்த்தால் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கி, மூளைக்குப் போகும் இரத்தம் குறைந்து, ஆள் சரிந்துவிடுவார். இதை முதலாம் ஆண்டிலேயே பாடமாகப் படித்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் செய்தும் காட்டியவர் என்று அவரைப் பாராட்டலாம். நானும் விழுந்திருக்கிறேன், என்னைத் தூக்கியவர் மறுநாள் தானே விழுந்தார்.

ஆனால் கணிப்பு மயக்கத்தோடு முடியக் கூடாது. அவரைத் தியேட்டர் பொறுப்புச் செவிலியராக்கிவிடுங்கள். அறுவை முடிந்து வயிற்றைத் தைக்கும் முன் மாப் (இரத்தத்தை ஒற்றியெடுக்கும் துணி), கருவிகள், ஊசிகள் ஆகியவற்றை எண்ணிச் சரிபார்ப்பது செவிலியரின் வேலை என்பதும், அந்த எண்ணிக்கை ஒத்துவராமல் எந்த அறுவை மருத்துவரும் தையல் போட முடியாது என்பதும் அரங்கில் இருக்கும் எல்லாச் செவிலியர்களுக்கும் தெரியும். ஆகவே இப்படி எழுதலாம்: "பத்து ஆண்டுகளுக்குப் பிறகு இவர், 'சார், ஒரு மாப் குறைகிறது' என்று தாழ்ந்த குரலில் சொல்வார், இந்த முறை தலைசுற்றுவது மருத்துவருக்கு. வீட்டிலும் தோசைகளை எண்ணி, எண்ணிக்கை சரியென்று கணவர் உரக்கச் சொன்ன பிறகே ஹாட்பாக்ஸை மூடுவார்." கணவரைக் குறைக்கச் சொல்லிவிட்டு நானே கொண்டுவந்துவிட்டேன், மாமியார் என்று மாற்றிக்கொள்ளுங்கள், கைதட்டல் கூடும்.

அமைதியானவர்களைப் பற்றி உங்கள் வகுப்பில் விசாரித்துப் பயனில்லை. அவர்கள் போஸ்டிங் பார்த்த வார்டுகளுக்குப் போய், அங்குள்ள ஆயா அம்மாவிடம் கேளுங்கள்.

பதில் 2: ஐந்தரை மணி நேரம் பின்னால்

தங்கைக்கு வணக்கம். நான் இங்கிலாந்தில் ஒரு பொது மருத்துவ வார்டில் வேலை செய்கிறேன். மேடம் சொன்னதில் பெரும்பகுதி சரி என்றாலும், லண்டனை அப்படியே தள்ளிவிடாதீர்கள். ஊரின் பெயரில்தான் நகைச்சுவை இல்லையே தவிர, அங்கே போய்ச் சேரும் வழியில் நிறைய இருக்கிறது.

இங்கே பதிவு பெறுவதற்கு ஆங்கிலத் தேர்வும் கணினித் தேர்வும் முடித்த பிறகு, ஆஸ்கி என்னும் செயல்முறைத் தேர்வில் பத்து நிலையங்களைக் கடக்க வேண்டும். அதில் மனத்துக்குள் செய்வதெல்லாம் கணக்கில் வராது. செய்வதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "கைகளைக் கழுவுகிறேன், திரையை இழுத்து மறைக்கிறேன், உங்கள் பெயரையும் பிறந்த தேதியையும் சொல்ல முடியுமா?" என்று ஒரு ரப்பர் பொம்மையிடம் பணிவோடு கேட்டுவிட்டு, அது பதில் சொல்வதற்கு இடைவெளியும் விட்டவள் நான். பயிற்சி எடுத்த மூன்று மாதங்களில் அது நாக்கில் ஒட்டிக்கொண்டது. விடுமுறைக்கு வந்தபோது, தட்டில் சாம்பார் ஊற்றுவதற்கு முன் அப்பாவிடம் பெயரையும் ஒவ்வாமையையும் விசாரித்தேன் என்று அம்மா இன்றும் தெருவெல்லாம் சொல்கிறார். உங்கள் வகுப்பில் வைவாவில் வாயே திறக்காத பெண் யாராவது இருந்தால், இந்த எதிர்காலத்தை அவருக்குக் கொடுங்கள்.

இன்னொன்று, 48 பேருக்கும் பொதுவாக ஒரு கணிப்பு எழுதலாம், அது தப்பாது. நீங்கள் உலகின் எந்த மூலையில் இருந்தாலும், குடும்ப வாட்ஸ்அப் குழுவின் தலைமை மருத்துவர் நீங்கள்தான். ஊரில் காலை எட்டரை மணிக்கு இரத்தச் சர்க்கரை முடிவு வந்தால், குளிர்காலத்தில் எனக்கு விடியற்காலை மூன்று மணிக்கு அதன் புகைப்படம் வரும். பெரியம்மா, பெரியம்மாவின் எதிர்வீட்டார், எதிர்வீட்டாரின் சம்பந்தி என்று நோயாளிகள் பெருகிக்கொண்டே போவார்கள். நைட் டூட்டியில் இருந்தால் தப்பித்தேன், தூங்கிக்கொண்டிருந்தால் மாட்டினேன்.

திருமணத்தைக் குறைக்கச் சொல்வதை மட்டும் நான் ஏற்கவில்லை. நம் விழாக்களில் பாதிச் சிரிப்பு அங்கேதான் இருக்கிறது. யாருக்குத் திருமணம் என்று சொல்லாமல், அந்தத் திருமணத்தில் செவிலியர் எப்படி நடந்துகொள்வார் என்று சொன்னால் போதும். விரிப்பை மடிக்கும் பெண்ணுக்கு நீங்கள் எழுதியது அப்படித்தான் இருக்கிறது, அதை எடுத்துவிடாதீர்கள்.

பதில் 3: பிரதர்

நான் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொகுப்பூதியத்தில் பணியாற்றும் ஆண் செவிலியர். "டாக்டர் தம்பி" என்ற அந்த நண்பரின் முடிவு எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர் இடத்தில் நான் இப்போது இருக்கிறேன்.

கிராமத்தில் ஊசி பிடித்த ஆண் எவரும் டாக்டர்தான். உடன் வேலை செய்பவர்களுக்கு அவர் "பிரதர்". வயதானவர்கள் சிலருக்கு அவர் இன்னும் "கம்பவுண்டர்". மூன்று பெயர்களாலும் அழைக்கப்படும் அவரை, சரியாக "செவிலியர்" என்று அழைப்பவர் சம்பளப் பட்டியல் தயாரிப்பவர் ஒருவர்தான். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு உங்கள் நண்பர், "நான் டாக்டர் இல்லை, செவிலியர்" என்று ஒரு பாட்டியிடம் முதன்முறையாக உண்மையைச் சொல்வார்; பாட்டி, "அதனால என்ன டாக்டர் தம்பி, ஊசியைப் போடு" என்பார்.

நாய்க்கடிக்குத் தடுப்பூசி போடுவதிலேயே அவருடைய காலை நேரம் கழியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் அந்த ஊசி போடப்படுகிறது. நான்கைந்து ஆண்டுகள் அந்த அட்டையை எழுதியவருக்கு வேறு நாள்காட்டி மறந்துவிடும். கடன் வாங்கியவனிடம்கூட, "இன்று பூஜ்யம், மூன்றாம் நாள் நினைவூட்டுவேன், ஏழாம் நாள் வீட்டுக்கு வருவேன், இருபத்தெட்டாம் நாள் முழுத் தொகையும் வந்திருக்க வேண்டும்" என்றுதான் அவர் கணக்குச் சொல்வார்.

கேனுலா (டிரிப் ஏற்ற இரத்தக்குழாயில் செருகும் சிறு குழாய், ஒவ்வோர் அளவு எண்ணுக்கும் ஒரு நிறம்) நன்றாகப் போடும் தோழி இருந்தால் அவருக்கும் ஒன்று தருகிறேன். அவர் ஜவுளிக் கடையில் நின்று, "அந்தப் பதினெட்டாம் நம்பர் பச்சையை எடுங்கள், இல்லை, நாத்தனாருக்கு இருபதாம் நம்பர் ரோஸ் போதும், குழந்தைக்கு இருபத்து நான்கு மஞ்சள்" என்று கேட்பார். பெற்றோர்களுக்குப் புரியாது, அரங்கின் மற்ற பாதி சிரிக்கும்.

நிரந்தரப் பணி எப்போது வரும் என்பதை மட்டும் யாருக்கும் கணித்துவிடாதீர்கள். எனக்கு "இரண்டே ஆண்டில்" என்று எழுதிய நண்பனை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பதில் 4: பழைய தொப்பி

நான் ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர். 1981-ஆம் ஆண்டில் எங்கள் விடுதி நாளிலும் இப்படியொரு வாசிப்பு நடந்தது. கண்ணாடி சிரிஞ்சுகளைக் கொதிக்க வைக்கும் பொறுப்பு அப்போது என்னிடம் இருந்தபடியால், "இவள் அறுபது வயதிலும் ஸ்டெரிலைசர் பக்கத்தில் நின்று சிரிஞ்சு வேகிறதா என்று மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பாள்" என்று எனக்கு எழுதினார்கள். நான் அறுபதை எட்டுவதற்கு வெகு முன்பே, ஒருமுறை பயன்படுத்தி எறியும் சிரிஞ்சு வந்து அந்த நகைச்சுவையையே எறிந்துவிட்டது. தூங்கும்போதும் தொப்பியைக் கழற்றமாட்டாள் என்று எழுதப்பட்ட தோழி பணியில் இருக்கும்போதே வார்டுகளிலிருந்து தொப்பி போய்விட்டது. கேர் பிளான் பெண்ணுக்கு எழுதியதைப் படித்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது. பத்து ஆண்டுகளில் அவர் அடிக்கோடு போடுவதற்குத் தாள் இருக்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். கணினியில் கடவுச்சொல்லை மறந்துவிட்டு, அதை மீட்பதற்கு ஒரு கேர் பிளான் எழுதுவார் என்று ஒரு வரி சேர்க்கலாம்.

டியூட்டர் மேடம் ஆயாவிடம் கேட்கச் சொன்னது மிகச் சரி. எங்கள் வகுப்பிலும் ஓர் அமைதியான பெண் இருந்தாள். அவளுக்கு "இப்போது போலவே அமைதியாக இருப்பாள்" என்று ஒரே வரியைப் படித்தார்கள். அவளும் மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினாள். பிறகு ஒருமுறை என்னிடம், "எனக்கு மட்டும் வேடிக்கையாக எழுத யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லையே" என்றாள். அப்போது எங்களுக்குப் பணியில் சேர்ந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

சுவரிதழ்:

டியூட்டர் மேடம், அக்கா, அண்ணா, பழைய தொப்பி மேடம், அனைவருக்கும் மிக்க நன்றி. மயங்கி விழுந்த தோழியிடம் கேட்டேன். தோசைக் கணக்கு இருந்தால் மட்டுமே சம்மதம், மாமியார் என்றே இருக்கட்டும் என்று நிபந்தனை விதித்திருக்கிறாள். திருமணம் பற்றிய வரிகளில் விரிப்பை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை அடித்துவிட்டேன். ஏழு லண்டன்களையும் கிழித்துப்போட்டேன்.

நேற்று மாலை பெண்கள் மருத்துவ வார்டுக்குப் போய் ஆயா அம்மாவிடம், எங்கள் வகுப்பில் அதிகம் பேசாத பெண்ணைப் பற்றிக் கேட்டேன். "அந்தப் புள்ளையா? டிரிப் சொட்டு எண்ணும்போது பக்கத்துக் கட்டில் அம்மா பேச்சுக் குடுத்தா, கோபமே படாம மறுபடியும் ஒண்ணுல இருந்து எண்ணும், நான் ஒரு நாள் பாத்தேன், ஏழு தடவை எண்ணுச்சு" என்றார். அவளுக்கு எழுதியதை இங்கே வைக்கிறேன்: "பத்து ஆண்டுகளுக்குப் பிறகு இவள் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவின் பொறுப்பில் இருப்பாள். 500 மில்லி திரவம், எட்டு மணி நேரம், ஒரு மில்லிக்குப் பதினைந்து சொட்டு; ஆக நிமிடத்துக்குப் பதினாறு சொட்டு என்று இயந்திரமே கணக்குப் போட்டு இறக்கும். இயந்திரத்தை நம்பாமல் இவள் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவாள். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் அம்மா, 'ஏம்மா, ஊர் எது?' என்பார். இவள் ஊரைச் சொல்லிவிட்டு, ஒன்றிலிருந்து தொடங்குவாள்."

இனி மற்றவர்களுக்கு எழுத வேண்டும். நாளை முதல் எனக்கு நைட் போஸ்டிங். வார்டில் நோயாளிகள் உறங்கிய பிறகு எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் மேசையில் வைத்திருந்த பேனாவைக் காணவில்லை, மொத்த விலைக் கடைக்குச் சரக்கு சேரத் தொடங்கிவிட்டது.