எக்ஸ்இசட் பேக்டோர்: ஓப்பன் சோர்ஸ் ஜெயித்ததா, தப்பித்ததா?

முனையவாசி:
எக்ஸ்இசட் விவகாரத்தை யார் பேச ஆரம்பித்தாலும் "பார்த்தீர்களா, ஓப்பன் சோர்ஸ் ஜெயித்துவிட்டது" என்றுதான் முடிக்கிறார்கள். எனக்கு இது ஒத்துவரவில்லை. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: எக்ஸ்இசட் என்பது லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கும் கருவி. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் (ஓர் ஆளா, கூட்டமா, யாருக்கும் தெரியாது) 2021இல் இருந்து பேட்ச் (நிரல் திருத்தங்கள்) அனுப்பி, நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கி, இணை மெயின்டெய்னராகவும் (திட்டத்தைப் பராமரிப்பவர்) ஆகி, 2024இல் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பேக்டோரை, அதாவது ரகசியப் பின்வாசலைச் செருகினார். அதற்கான சாவியை வைத்திருப்பவர் எஸ்எஸ்ஹெச் (தொலைவில் இருந்து சர்வரில் லாகின் செய்ய உதவுவது) வழியாக உள்ளே புகுந்து எந்தக் கட்டளையையும் ஓட்டலாம்.

பிடித்தது யார்? பாதுகாப்புத் தணிக்கை செய்த குழுவா? இல்லை. மைக்ரோசாஃப்டில் வேலை பார்க்கும் போஸ்ட்கிரஸ் என்ற தரவுதள மென்பொருளின் டெவலப்பர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், வேறு எதன் வேகத்தையோ அளந்துகொண்டிருந்தார். எஸ்எஸ்ஹெச் லாகினுக்கு 0.3 விநாடி ஆன இடத்தில் 0.8 ஆனது. அந்த அரை விநாடி அவர் கண்ணில் படாமல் போயிருந்தால்? பேக்டோர் டெபியன் சிட், ஃபெடோரா சோதனைப் பதிப்பு, டம்பிள்வீட் என்ற லினக்ஸ் தொகுப்புகள் (டிஸ்ட்ரோக்கள்) வரை ஏற்கெனவே வந்துவிட்டது. இதைப் போய் வெற்றி என்கிறீர்கள்.

பைட்பாண்டி:
அதிர்ஷ்டம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அரை விநாடிக்கு எரிச்சல்படுகிறவர்கள் எல்லா ஆபீஸிலும் இருக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாத மென்பொருளாக இருந்தால் அவர் என்ன செய்திருப்பார்? டிக்கெட் போட்டிருப்பார். "ரீஇன்ஸ்டால் செய்து பாருங்கள்" என்று பதில் வந்திருக்கும், கதை முடிந்தது. இங்கே பெர்ஃப் (நேரம் எங்கே செலவாகிறது என்று காட்டும் கருவி) ஓட்டினார், நேரம் எக்ஸ்இசட்டின் லைப்ரரியான லிப்-எல்இசட்எம்ஏவுக்குள் போவது தெரிந்தது, சில வாரங்களுக்கு முன் வால்கிரைண்ட் (நினைவகப் பிழை தேடும் கருவி) ஏதோ புலம்பியது ஞாபகம் வந்தது, டார்பாலை (வெளியிடப்பட்ட மூலநிரல் பொட்டலம்) பிரித்துப் பார்த்தார். மார்ச் 29 அன்று எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தார். நூல் கையில் கிடைத்த பிறகு கண்டு வரை போகவிட்டதே ஓப்பன் சோர்ஸ்தான்.

முனையவாசி:
பாண்டி, "டார்பால்" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். கிட்டில் (நிரல் மாற்றங்கள் பதிவாகும் பொதுக் களஞ்சியம்) எல்லார் கண் முன்னாலும் இருந்ததும், டிஸ்ட்ரோக்கள் எடுத்து பில்ட் செய்த டார்பாலும் ஒன்றல்ல. பேக்டோரின் பெட்டகம் கிட்டில் 'டெஸ்ட் ஃபைல்' என்ற பெயரில் தூங்கியது. சுருக்கும் கருவிக்குக் கெட்டுப்போன மாதிரிக் கோப்புகள் தேவைதானே, யார் திறந்து பார்ப்பார்கள்? அதைத் தட்டி எழுப்பும் வரிகள் ஒரு எம்4 கோப்பில் (பில்ட் ஸ்கிரிப்டை உருவாக்க உதவுவது), டார்பாலில் மட்டும் இருந்தன. பில்ட் நடப்பது எக்ஸ்86-64 (வழக்கமான பிசி, சர்வர் சிப்) லினக்ஸிலா, டெபியன் அல்லது ஆர்பிஎம் பேக்கேஜாகவா என்று பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். நீங்களோ நானோ வீட்டில் கம்பைல் செய்தால் ஒன்றும் நடக்காது.

ஆட்டோடூல்ஸ் என்ற பில்ட் கருவி உருவாக்கும் ஆயிரக்கணக்கான வரி கன்ஃபிகர் ஸ்கிரிப்டை யாரும் படிப்பதில்லை என்பது தெரிந்து வைத்த பொறி இது. கிட் டேக்கில் (கிட்டில் பதிப்பு என்று குறித்த இடம்) இருந்து மட்டும்தான் பில்ட் செய்வோம் என்று டிஸ்ட்ரோக்கள் முடிவெடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

கமிட்கண்ணன்:
பாதி கூடத் தீராது சார். அதே ஆள் லேண்ட்லாக் என்ற பாதுகாப்பு வசதியை முடக்கியது எங்கே? கிட்டில், பட்டப்பகலில். சிமேக் (இன்னொரு பில்ட் கருவி) கோப்பில் அந்த வசதி கணினியில் இருக்கிறதா என்று சோதிக்க ஒரு குட்டி சி நிரல் இருக்கும். அதில் ஒரு வரியின் தொடக்கத்தில் ஒற்றைப் புள்ளி. அவ்வளவுதான். நிரல் கம்பைல் ஆகாது, "இந்த வசதி இல்லை போல" என்று பில்ட் அமைதியாக அடுத்த வேலைக்குப் போய்விடும். பேக்டோர் வெளிவந்த பிறகுதான் அந்தப் புள்ளி கண்ணில் பட்டது. கிட்டில் போட்டுவிட்டால் ஊரே படிக்கும் என்று நம்புகிறீர்கள். பாவம்.

முனையவாசி:
அந்த கமிட்டை (கிட்டில் பதிந்த மாற்றத்தை) ரிவ்யூ செய்ய இன்னொருவர் கட்டாயம் வேண்டும் என்று விதி இருந்திருந்தால்?

சர்வர்சுந்தரி:
எந்த இன்னொருவர்? இருந்ததே எக்ஸ்இசட்டின் மூல மெயின்டெய்னர் லாசே கொலின் ஒருவர். 2022இல் மெயிலிங் லிஸ்டில் அவரை என்ன பாடு படுத்தினார்கள் என்று படித்துப் பாருங்கள். ஏன் தாமதம், வேறு ஆளை நியமியுங்கள் என்று அதற்கு முன் கண்டிராத பெயர்களில் இருந்து அழுத்தம். தனக்கு மனநலச் சிக்கல் இருக்கிறது, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று மனிதர் பதிலே எழுதியிருக்கிறார். அந்த நேரத்தில் உதவிக்கு வந்த 'நல்லவர்'தான் ஜியா டான். நீங்கள் எம்4, சிமேக் என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். உடைந்தது அங்கே இல்லை.

2014இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வந்தபோதும் இதே கதைதான். பாதி இணையம் நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரிக்கு முழுநேர ஆள் ஒருவர். அப்போது கம்பெனிகள் சேர்ந்து நிதி ஒதுக்கின. பிரபலமானவற்றுக்குப் போய்ச் சேர்ந்தது, எக்ஸ்இசட் மாதிரி மூலையில் கிடப்பவற்றுக்குச் சேரவில்லை.

பைட்பாண்டி:
சுந்தரி மேடம், சம்பளம் கொடுத்தால் ஜியா டான் வரமாட்டாரா? ரெஸ்யூமே போட்டு வேலைக்கே சேர்ந்திருப்பார். மூன்று வருடம் பொறுமையாகப் பேட்ச் அனுப்பியவருக்கு இன்டர்வியூ பெரிய விஷயமா?

சர்வர்சுந்தரி:
வரலாம். ஆனால் சம்பளம் வாங்கும் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் களைத்துப்போன அன்று சாவியை அந்நியரிடம் கொடுக்கத் தேவையில்லை. நான் கேட்பது அவ்வளவுதான்.

எறும்பு64:
எல்லாரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஒரு சுருக்கும் லைப்ரரிக்கு எஸ்எஸ்ஹெச்டிக்குள் (ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சின் சர்வர் நிரல்) என்ன வேலை? ஓப்பன்எஸ்எஸ்ஹெச் எழுதியவர்கள் அதைக் கேட்கவே இல்லை. "நான் தயார்" என்று லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்குச் சொல்வதற்காக டெபியனும் ஃபெடோராவும் லிப்-சிஸ்டம்டியைக் கோத்தன, அதன் வாலைப் பிடித்து லிப்-எல்இசட்எம்ஏ வந்தது. ஒரு சாக்கெட்டில் 'ரெடி=1' என்று எழுதுகிற வேலை அது. சில பத்து வரி சி. 2024 ஜூலையில் வந்த 9.8 பதிப்பில் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் அதைத் தானே எழுதிக்கொண்டது. முன்பே செய்திருந்தால் ஜியா டான் வேறு வழி தேடியிருக்க வேண்டும்.

(ஆர்ச் லினக்ஸில் அந்தக் கோர்வை இல்லை. நான் ஆர்ச் பயன்படுத்துகிறேன் என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

முனையவாசி:
இது நியாயம். ஆனால் எல்லாரும் அந்தப் பத்து வரியைத் தானே எழுதினால் பத்து இடத்தில் பத்து பக் வரும்.

எறும்பு64:
வரட்டும். பத்து வரியில் இருக்கிற பக்கை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் படித்துவிடலாம். உங்கள் சர்வரில் எஸ்எஸ்ஹெச்டி மீது எல்டிடி (ஒரு நிரல் எந்த லைப்ரரிகளை ஏற்றுகிறது என்று காட்டும் கட்டளை) ஓட்டி, வருகிற பட்டியலில் எத்தனை லைப்ரரி எதற்கு என்று உங்களால் சொல்ல முடிகிறது? அதை இங்கே போடுங்கள், அப்புறம் பேசுவோம்.