தொட்டுப் பார்த்ததுமே வலி குறைகிறதே, உங்கள் அனுபவம் என்ன?

இயன்முறை சிகிச்சையாளர்
கழுத்துப் பிடிப்போடு ஒருவர் வந்தார். எங்கே வலி, எந்தப் பக்கம் திரும்பினால் இழுக்கிறது என்று விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிகிச்சை எதையும் தொடங்கவில்லை. "இப்பவே லேசா இருக்குங்க" என்று தலையைத் திருப்பிக் காட்டினார்.

அப்படியானால் அவருக்கு வந்தது பொய் வலி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். 1978-இல் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் மூவரும் கடைவாய்ப் பல் பிடுங்கியவர்களிடம் ஆய்வு செய்தார்கள். பிளாசிபோவால், அதாவது மருந்தே இல்லாத போலி மருந்தால், வலி குறைந்தவர்களுக்கு நலோக்சோன் கொடுத்ததும் வலி மீண்டும் கூடியது. அபின் வகை வலிநிவாரணிகள் உடலில் ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் இடங்களை, அதாவது ஓபியாய்டு ஏற்பிகளை, அடைக்கும் மருந்து அது. ஆக, எதிர்பார்ப்பே உடலுக்குள் வலிநிவாரணியைச் சுரக்க வைத்திருக்கிறது.

என் கவலை வேறு. அந்த நிவாரணத்தைக் காட்டி, "எலும்பு விலகியிருந்துச்சு, சரி பண்ணிட்டேன்" என்று சொல்பவர்கள் நம் தொழிலில் இருக்கிறார்கள்.

முதுகுவலிக்காரி
அதைக் கேட்டுக்கொண்டு வந்தவள் நான். "டிஸ்க் நகர்ந்திருக்கு, மாசாமாசம் வந்து தள்ளி வைக்கணும்" என்றார் ஒருவர். எழுந்து வரும்போது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் குனியப் பயம், தும்மப் பயம், பிள்ளையைத் தூக்கப் பயம். வலியைவிட அதுதான் என்னை முடக்கியது. பிறகு பார்த்தவர், "எதுவும் நகரலைம்மா. கை வச்சா கொஞ்ச நேரம் வலி அடங்கும், அந்த நேரத்துல நல்லா நடங்க, குனிஞ்சு நிமிருங்க" என்றார். அதே அழுத்தம், அதே சுகம். இப்போது பிள்ளையைத் தூக்குகிறேன்.

மசாஜ் பயிற்றுநர்
சகோதரி சொன்னதை என் மாணவர்களுக்கு அப்படியே சொல்லப்போகிறேன். உண்மையைச் சொன்னால் பலன் போய்விடும் என்று அவர்கள் பயப்படுகிறார்கள். போர்ச்சுகலில் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்களுக்கு "இதில் மருந்தே இல்லை" என்று சொல்லியே மாத்திரை கொடுத்தார்கள். வழக்கமான சிகிச்சையோடு அதையும் எடுத்தவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. ஆய்வு 2016-இல் வெளியானது.

பேச்சுக்கும் பங்கு உண்டு. 2008-இல் பிளாசிபோ ஆய்வாளர் கேப்ட்சக்கின் குழு ஐபிஎஸ் எனும் குடல் கோளாறு உள்ளவர்களுக்குப் போலி அக்குபஞ்சர் செய்து பார்த்தது. போதிய நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னவர்கள், வெறுமனே காத்திருந்தவர்களில் 28%, போலி ஊசி மட்டும் பெற்றவர்களில் 44%, போலி ஊசியோடு கனிவாகக் கேட்டுப் பேசவும் ஆள் இருந்தவர்களில் 62%. அதனால்தான் எண்ணெயைத் தொடுமுன் அவர்களைப் பேசவிடுகிறேன்.

ஆனால் சுகமாக இருக்கிறது என்பதை நோய் தீர்ந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2011-இல் வந்த ஆஸ்துமா ஆய்வில், போலி இன்ஹேலரும் நிஜ இன்ஹேலர் அளவுக்கே மூச்சை எளிதாக்கியதாக நோயாளிகள் சொன்னார்கள். நுரையீரலை அளந்தபோது நிஜ மருந்துக்குத்தான் பெரிய முன்னேற்றம். முதுகுவலியோடு காலில் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்பாடு இழத்தல், காய்ச்சல் என்று யார் வந்தாலும் நான் கை வைப்பதில்லை. "தடவினா குறையும்" என்று அவர்களே கேட்டாலும் உடனே மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறேன்.